முடிச்சு மாமா கட்டிய பை

என் அக்கா புருஷனுக்கு மருந்துக் கிடங்கில் வைத்த பெயர் முடிச்சு. முப்பத்தொரு வருஷம் அங்கே பெட்டி கட்டினார். அட்டைப் பெட்டியில் மருந்துப் புட்டிகளை அடுக்கி, இடுக்குகளில் காகிதம் திணித்து, மூடி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, கடைசியில் ஒரு முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சு அவருக்கு மட்டும்தான் வரும். யார் வேண்டுமானாலும் அவிழ்த்துவிடலாம், ஆனால் அதே மாதிரி திரும்பப் போட முடியாது. புதிதாக வந்த மேலாளர் ஒருவர், பிளாஸ்டிக் டேப் ஒட்டினால் போதுமே, இந்தக் காலத்தில் கயிறு எதற்கு என்று கேட்டாராம். "டேப்ப வழியில பிரிச்சு எடுத்துட்டு மறுபடி ஒட்டினா உங்களுக்குத் தெரியுமா சார்? என் முடிச்சத் தொட்டா எனக்குத் தெரியும்" என்று மாமா சொல்ல, அவர் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாராம். இதை மாமா என்னிடம் குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பார். அது மறதிக்கு முந்தின காலம். பெருமைக்காகத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

அக்காவுக்கும் மாமாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேச இரண்டு பேருக்கும் பிடிக்காது, நானும் பேசப் போவதில்லை. அவர்களுக்கு இருந்த ஒரே பைத்தியம் மலை. வருஷத்துக்கு இரண்டு முறை, முதுகில் பையை மாட்டிக்கொண்டு, ரோடு முடிகிற இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, காட்டுக்குள் நடப்பார்கள். இரண்டு ராத்திரி, மூன்று பகல். அங்கே கடை கிடையாது, போன் எடுக்காது. பையில் இருப்பதுதான் வீடு, பையில் இல்லாதது இல்லைதான். வீட்டில் நல்ல மெத்தை இருக்கும்போது கல்லின் மேல் படுக்க இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று நான் ஆரம்பத்திலிருந்தே கேட்டு வருகிறேன். "உனக்குப் புரியாது மச்சினி, உனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது" என்பார் மாமா. எனக்கு உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும். அதை ஊருக்கெல்லாம் சொல்லுவார்.

மலைக்குப் போவதைவிட, போவதற்கு முதல் நாள் நடக்கும் கட்டும் வேலைதான் அவருக்குப் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றும். கூடத்து மேஜை நாற்காலிகளையெல்லாம் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் பழைய போர்வை விரித்து, எல்லாவற்றையும் பரப்புவார். டென்ட், அதன் கம்பிகள், ஸ்லீப்பிங் பேக் இரண்டு, கையகல கேஸ் அடுப்பு, ஒரு அலுமினியப் பாத்திரம், அதற்குள்ளேயே அடங்குகிற இரண்டு டம்ளர், டார்ச், விசில், முதலுதவி டப்பா, தண்ணீரில் போடுகிற மாத்திரை. சாப்பாட்டுக்குத் தனி அணிவகுப்பு. ஓட்ஸ், பால் பவுடர், சர்க்கரை மூன்றையும் வீட்டிலேயே அளந்து கலந்து சின்னச் சின்னப் பையில் போட்டுவிடுவார்கள், மலையில் வெந்நீர் ஊற்றினால் போதும். பிஸ்கட்டை அதன் உறையிலிருந்து எடுத்து வேறு பையில் மாற்றுவார்கள், உறையின் கனம் மிச்சமாம். பேரீச்சம்பழத்தில் கொட்டையை எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பை. அதன்மேல் 'முதல் நாள் மதியம்', 'இரண்டாம் நாள் காலை' என்று அக்கா மார்க்கரில் எழுதுவாள். கடைசி வேளை அடியில், முதல் வேளை மேலே. எல்லாவற்றுக்கும் அடியில் கணக்கில் சேராத ஒரு வேளைச் சாப்பாடு, வழியில் மாட்டிக்கொண்டால் சாப்பிட. சோப்பைப் பாதியாக வெட்டி எடுத்துப் போவார்கள். மாமா ஒரு தடவை பல் விளக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியையே ரம்பம் வைத்து அறுத்தார். வாய்க்குள் விழுங்கிவிடப் போகிறீர்கள் என்று நான் சொன்னதற்கு, எட்டு கிராம் மிச்சம் என்று பதில் வந்தது.

இதில் முக்கியமானது கிடங்கிலிருந்து அவர் கொண்டுவந்த முறை. அங்கே பட்டியல் வாசிப்பவர் ஒருவர், பெட்டியில் வைப்பவர் ஒருவர். வாசிப்பவர் பெட்டிக்குள் பார்க்கக் கூடாது. கண் காகிதத்தை விட்டுப் போனால் ஒரு வரி தவறிப்போகும் என்பது அவர்கள் அனுபவம். ஒருவர் பொருளின் பெயரைச் சொல்ல வேண்டும், மற்றவர் அதை எடுத்து வைத்துவிட்டு "இருக்கு" என்று சொல்ல வேண்டும், அதைக் கேட்டபிறகுதான் இவர் டிக் போட வேண்டும். வீட்டிலும் அதே. அக்கா சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கூடத்துக்கு முதுகைக் காட்டியபடி சத்தமாக வாசிப்பாள். நாற்பத்திரண்டு வரிப் பட்டியல், என் ஆபீசில் நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். "அடுப்பு?" என்பாள். கூடத்திலிருந்து "இருக்கு" என்று வரும். "கேஸ்?" "இருக்கு." கேட்டால் ஏதோ பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி இருக்கும். நாற்பத்திரண்டும் முடிந்ததும் மாமா இரண்டு பைகளையும் கைத்தராசின் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார். அவருடையது பதின்மூன்று கிலோ, அக்காவுடையது ஒன்பது. பிறகு பையின் வாயை நைலான் கயிற்றால் சுருக்கி முடிச்சுப் போடுவார். முடிச்சு போட்டாகிவிட்டால் மலை போய்ச் சேரும்வரை யாரும் திறக்கக் கூடாது. கட்டினவன் கையை நம்ப வேண்டும், அதுதான் அந்தத் தொழிலின் மானம் என்பார்.

நான் மாமாவோடு சண்டை போட்ட அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது உங்களுக்குப் புரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மலையில் மாமா பையைப் பிரித்தபோது அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இஸ்திரிப் பெட்டி இருந்திருக்கிறது. துண்டில் அழகாகச் சுற்றி, ஆடாமல் அசையாமல், சரியான இடத்தில். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். பச்சைத் தண்ணீரில் ஓட்ஸை ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்கள். அக்கா அந்தக் கதையை எனக்குச் சொன்னபோது நானும் சிரித்தேன். அதற்கப்புறம் நடந்ததை அவள் சொல்லவில்லை. அடுத்த மாதம் கிடங்கிலிருந்து ஒரு ஆஸ்பத்திரிக்குப் போன பெட்டியில் பாதி மருந்து இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மருந்து விஷயம். மேலாளர் நல்ல மனுஷன். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, மாமாவை மரியாதையாகவே ஓய்வில் அனுப்பிவைத்தார். அக்கா அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் மாமாவிடம் வயசானால் வருகிற மறதிதான் என்றார். அக்காவைத் தனியாக உட்கார வைத்து மீதியைச் சொன்னார். இது திரும்பி வராது, மெதுவாகப் போகும். "அவருக்கு இன்னும் தன் கை மேல நம்பிக்கை இருக்கு. அது இருக்கற வரைக்கும் அவர் அவரா இருப்பார். அது போச்சுன்னா ரொம்ப வேகமா இறங்கிடும்" என்றாராம்.

அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

அவள் செய்தது இதுதான். பட்டியலை எப்போதும் போல வாசித்தாள். அவர் "இருக்கு" என்றார், டிக் போட்டாள். ஆனால் அந்த "இருக்கு" உண்மையா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. மிச்சம் எதையும் தரையில் விடாமல் அவரே அலமாரிகளில் எடுத்து வைத்துவிடுவார். திரும்பிப் பார்த்தால் முறை கெட்டுப்போகும், அவர் முகம் வாடிப்போகும். கட்டின பிறகு திறந்து பார்த்தால் முடிச்சு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அவர் பையில் இருக்க வேண்டிய முக்கியமான சாமான் எல்லாவற்றிலும் இன்னொன்று வாங்கினாள். பழைய சாமான் கடையில் இன்னொரு டென்ட், இன்னொரு அடுப்பு, இன்னொரு பாத்திரம், இன்னொரு டார்ச். சாப்பாட்டுப் பைகளிலும் இன்னொரு செட் கட்டினாள். தையல் மெஷினுக்கு அடியில், துணி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். பையைத் தராசில் மாட்டிப் பார்ப்பதை அவர் எப்போதோ மறந்துவிட்டார், அவளும் நினைவுபடுத்தவில்லை. அவள் பையின் முடிச்சை மட்டும் தானே போட்டுக்கொள்கிறேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டு, கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் தன் பையில் திணித்தாள். மலையில் போய்ச் சேர்ந்ததும் அவரைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு, அவர் வருவதற்குள் இரண்டு பைகளையும் பிரித்து, வேண்டியதை வெளியே வைத்துவிடுவாள். வந்து பார்ப்பவருக்கு டென்ட் தன் பையிலிருந்து வந்ததாகத்தான் தெரியும். சில தடவை அவர் சரியாகவே எடுத்து வைத்திருப்பார். அந்தத் தடவையெல்லாம் இரண்டு டென்ட், இரண்டு அடுப்பு மலை ஏறி இறங்கின. ஆறு தடவை இப்படி நடந்திருக்கிறது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. வயசாகிறது, கொஞ்சம் மறதி என்ற அளவில்தான் அக்கா சொல்லியிருந்தாள். என் வாய் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

ஏழாவது தடவை கிளம்புவதற்கு முதல் நாள் மதியம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா குளித்துவிட்டு வந்து, ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே, தலையை வாரிவிடச் சொன்னாள். அவள் அப்படிக் கேட்கிறவள் இல்லை. சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தபோது ரவிக்கைக் கழுத்துக்கு வெளியே தோளில் கறுத்துக் காய்த்துப்போன ஒரு பட்டை தெரிந்தது. தொட்டதும் துள்ளினாள்.

"என்னக்கா இது?"

"பை மாட்டிப் பாத்தேன். வார் அழுத்திருச்சு."

"ஒரு நாள் மாட்டிப் பாத்ததுக்கா இப்படி? கையத் தூக்கு பாப்போம்."

தூக்கினாள். காது வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறக்கிவிட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை, களிம்பு தீர்ந்துவிட்டது, வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டாள். நான் போகிறேன் என்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை. என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனதுதான் அவள் செய்த ஒரே தப்பு.

கூடத்தில் இரண்டு பைகளும் கட்டித் தயாராக இருந்தன. சாம்பல் நிறம் மாமாவுடையது, நீலம் அக்காவுடையது. கதவை மறித்துக்கொண்டு இருந்த நீலப் பையை நகர்த்தலாம் என்று ஒரு கையால் இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்கினேன், முட்டி வரைக்கும் வந்து திரும்ப உட்கார்ந்துவிட்டது. சாம்பல் பையைத் தூக்கினேன். அது பூனைக்குட்டி மாதிரி ஒரே கையில் வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. சுவரில் தொங்கிய கைத்தராசை எடுத்து மாட்டினேன். அக்காவின் பை பதினாறரைக் கிலோ. மாமாவின் பை ஏழு.

மாமா பின்பக்கம் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். நிதானமாக, வட்டம் வட்டமாக. அந்த நிதானம் என் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பியது.

"மாமா, கொஞ்சம் உள்ள வாங்க."

"என்ன மச்சினி, வந்ததும் வராததுமா சண்டையா?"

"சண்டைதான். வாங்க."

வந்தார். கையில் மெழுகுத் துணி. நான் அவர் பையைத் தராசில் மாட்டிக் காட்டினேன். அப்புறம் அக்காவின் பையை, முட்டி போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிக் காட்டினேன். "பதினாறரை! அவ தோளப் பாத்தீங்களா? தலை வார முடியல அவளால. நீங்க கைய வீசிக்கிட்டு நடக்கறீங்க, அவ கழுத முதுகுல சுமக்கற மாதிரி சுமக்கறா. வெக்கமா இல்ல?" இப்படியே இன்னும் என்னென்னமோ சொன்னேன். எல்லாவற்றையும் இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

அவருக்குக் கோபம் வரவில்லை. நம்பவே முடியாதவர் மாதிரி தராசின் முள்ளைப் பார்த்தார். "அவ பை ஒன்பதுதானே. நான்தானே கட்டினேன். அதுல அப்படி என்ன இருக்கு?"

"திறந்து பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது."

"கட்டின பைய திறக்கக் கூடாது மச்சினி" என்றார் மெதுவாக.

நான் திறந்தேன். அக்கா போட்டிருந்த முடிச்சு சாதாரண முடிச்சு, இழுத்ததும் வந்துவிட்டது. ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போர்வையில் போட்டேன். பச்சை நிறத்தில் ஒரு டென்ட். "டென்ட் என் பையில இருக்கே" என்றார். அடுப்பு. "அதுவும் என் பையில இருக்கு." கேஸ், பாத்திரம், டார்ச், மாத்திரை, 'இரண்டாம் நாள் காலை', 'இரண்டாம் நாள் மதியம்'. ஒவ்வொன்றுக்கும் அதையே சொன்னார். குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. முதலுதவி டப்பாவை நான் எடுத்தபோது அவர் பார்வை தன் பைக்குப் போனது. மெழுகுத் துணியைக் கீழே வைத்துவிட்டுத் தன் பையின் முன்னால் உட்கார்ந்தார். அவர் முடிச்சை அவரே அவிழ்த்தார்.

மேலே மழைக்கோட்டு. அது சரி. அதன் கீழே டென்ட்டும் இருந்தது. அதற்கப்புறம் நான்கு குளியல் துண்டுகள், ஓரம் பிசகாமல் மடித்தவை. போன வருஷத்துக் காலண்டர், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டது. முதுகெலும்பு ஓரமாக, கனமான பொருள் வைக்க வேண்டிய சரியான இடத்தில், ஒரு காலி பிஸ்கட் டப்பா. அது உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் என் அக்காவின் பழைய புடவையைக் கிழித்துத் திணித்திருந்தார். ஸ்லீப்பிங் பேக் இருந்தது. அடுப்பு இல்லை. ஒரு வேளைச் சாப்பாடுகூட இல்லை. நாற்பத்திரண்டு வரிக்கும் அவர் "இருக்கு" சொன்ன பை அது. கட்டியிருந்த நேர்த்தியில் ஒரு குறை சொல்ல முடியாது, எங்கேயும் ஒரு இடுக்கு விட்டிருக்கவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்கா அந்த நேரத்தில் உள்ளே வந்தாள். தரையில் பரவிக் கிடந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்னை அடித்திருக்கலாம். சின்ன வயசில் அடித்திருக்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மாமாவிடம் போய் உட்கார்ந்துகொண்டு சிரிக்கப் பார்த்தாள்.

"எல்லாம் என் தப்புங்க. நான்தான் மறந்துபோய் ரெண்டு ரெண்டா எடுத்து வச்சிட்டேன். வயசாகுதில்ல."

மாமா காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "எத்தன தடவ?"

"இந்தத் தடவதான்."

அவர் நீலப் பையை இழுத்து அதன் தோள் வாரைத் திருப்பிப் பார்த்தார். வார் பையோடு சேரும் இடத்தில் அக்கா கையால் தைத்திருந்தாள். பழைய நூலின் மேல் வேறு நிற நூல், அதன் மேல் இன்னொரு நிறம். முப்பத்தொரு வருஷம் பெட்டியின் கனம் பார்த்த கை. விரலால் அந்தத் தையலைத் தடவினார். "ஒன்பது கிலோவுக்கு இது அறுந்திருக்காது" என்றார். "சொல்லு. எத்தன தடவ?"

"ஆறு" என்றாள் அக்கா. அப்புறம் அவளால் அடக்க முடியவில்லை. அழுதாள். என் அக்கா அழுது நான் பார்த்தது அதற்கு முன்னால் ஒரே ஒரு முறைதான்.

மாமா காலி டப்பாவைக் கீழே வைத்தார். துண்டுகளையும் காலண்டரையும் எடுத்து ஓரமாக வைத்தார். நான் அவர் இடிந்துபோய்விட்டார் என்றுதான் நினைத்தேன். மலையாவது மண்ணாவது, இனி இந்த மனுஷன் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார், அதற்குக் காரணம் என் வாய். டாக்டர் சொன்னதை அக்கா எனக்குச் சமையலறையில் வைத்து ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். கூடத்திலிருந்து "பட்டியல எடுத்துட்டு வா" என்ற குரல் வந்தது. அக்கா ஓடினாள். இரண்டு பைகளையும் காலி பண்ணி, எல்லாவற்றையும் போர்வையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். அக்கா வழக்கம் போலக் காகிதத்தோடு சமையலறை மேஜைக்குத் திரும்பினாள்.

"அங்க வேண்டாம். இங்க உக்காரு."

அவள் தரையில், அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். "டென்ட்" என்று வாசித்தாள். கண் காகிதத்திலேயே இருந்தது. அவர் எடுத்தார், ஆனால் வைக்கவில்லை.

"காகிதத்தப் பாக்காத. என் கையப் பாரு."

முப்பத்தொரு வருஷத்து முறையை அவர் அப்படி உடைத்தார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. அக்கா ஒரு பெயரைச் சொல்வாள், தலையை நிமிர்த்தி அவர் கையைப் பார்ப்பாள். அவர் ஒரு பொருளை எடுத்து உயர்த்திக் காட்டுவார். சில சமயம் சரியாக இருக்கும். சில சமயம் அக்கா தலையை மட்டும் ஆட்டுவாள், அவர் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். "விசில்" என்றபோது அவர் கை போர்வையின் மேல் அப்படியே நின்றுவிட்டது. எடுக்கவே இல்லை. அக்கா விசிலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இருக்கு" என்றார்.

கனமானது எல்லாம் சாம்பல் பைக்குள் போனது. எல்லாவற்றிலும் ஒன்று மட்டும் போதும் என்று ஆனபிறகு அவர் பை பதினான்கு, அக்காவுடையது எட்டு. "இதையும் குடுங்க, நானும் கொஞ்சம் எடுத்துக்கறேன்" என்று அக்கா சொன்னதற்கு அவர் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன்.

"உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போகலாம். எவ்வளவு கனம்னு முதுகுக்குத் தெரியும். அத எனக்கு விடு."

இரண்டு பைக்கும் அவரே முடிச்சுப் போட்டார்.

காலையில் நானும் பஸ் நிலையத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்காமல் அவர்களை மலையேற விட என்னால் முடியாது. என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். பைகள் இரண்டும் சிமெண்டு பெஞ்சில் சாய்ந்திருந்தன. அக்கா டிக்கெட் வாங்க வரிசையில் நின்றாள். மாமா என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"என்ன மச்சினி, நீயும் வரியா? இந்தச் செருப்போடயா?"

"மாமா, நேத்து நான் பேசினது..."

"நேத்தா? நேத்து நீ வந்திருந்தியா?"

அவர் கிண்டல் பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நான் வந்துபோனதை அக்கா தன்னிடம் சொல்லவில்லையே என்று அவளைக் குறை சொல்லத் தயாரான முகம் அது. டிக்கெட்டோடு வந்த அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக. நான் செய்த காயம் அவரிடம் இல்லை என்று நிம்மதியாகவும் இருந்தது, அதைவிடப் பெரிய பயமாகவும் இருந்தது. நேற்று அவர் அக்காவைப் பார்த்த பார்வையும், அந்தத் தையலைத் தடவினதும், விசிலும், அதோடு சேர்ந்து எல்லாமே போயிருந்தது. இனி அது எங்கள் இரண்டு பேரிடம் மட்டும்தான் இருக்கிறது.

பஸ் வந்தது. அக்கா இரண்டு பையில் எது பெரியதாகத் தெரிந்ததோ அதன் மேல் தானாகக் கையை வைத்தாள். மூன்று வருஷப் பழக்கம். மாமா அவள் கையை விலக்கினார். ஒவ்வொரு பையாகத் தூக்கி, ஒரு நொடி பிடித்துப் பார்த்து, லேசானதை அவள் தோளில், வலிக்காத பக்கமாக, மெதுவாக மாட்டிவிட்டார். மற்றதைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டார்.

"கனமானது என்னுது" என்றார். "எப்பவும் அப்படித்தானே?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

"ஆமாங்க. எப்பவும் அப்படித்தான்" என்றாள், அவர் பின்னாலேயே படியேறினாள்.